மூன்று பாஸ்கல் இழுப்பில் வேகும் இறைச்சி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின், லாக்ஹார்ட் ஆகிய ஊர்களைச் சுற்றிய வட்டாரத்தில், மாட்டின் மார்புக்கறியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விறகுப் புகையில் மெல்ல வேகவைப்பது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் நடத்திய இறைச்சிக் கடைகளில் அது வேரூன்றியது. லாக்ஹார்ட்டை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகரம் என்று 1999இல் டெக்சாஸ் சட்டமன்றமே அறிவித்தது. அந்தக் கடைகளின் அடுப்புகள் செங்கல்லால் கட்டப்பட்டவை. இன்றோ, பழைய புரொப்பேன் எரிவாயுத் தொட்டியை வாங்கிவந்து, வெட்டி, பற்றவைத்து ஒட்டி, டிரெய்லரின் மேல் ஏற்றி, கார் பின்னால் இழுத்துச் செல்லும் புகையடுப்பாக மாற்றுவது அங்கு வீட்டுக் கொட்டகைகளிலேயே நடக்கும் வேலை. ஆஸ்டினில் 2009இல் ஒரு டிரெய்லரில் கடை தொடங்கிப் பின்னர் நாடறிந்த சமையற்காரராகிவிட்ட ஏரன் ஃபிராங்க்ளின் பயன்படுத்துபவையும் இத்தகைய தொட்டிகளில் செய்த அடுப்புகள்தாம்.

இவ்வடுப்பில் விசிறியும் இல்லை, மோட்டாரும் இல்லை. உருளையின் ஒரு முனையில் ஒட்டிய நெருப்பறையில் விறகு எரிகிறது. அங்கிருந்து சூடும் புகையும் நீளமான இறைச்சியறையின் வழியே கிடையாக ஓடி, மறுமுனையில் உள்ள புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன. இறைச்சியின் அடியில் நெருப்பு கிடையாது. எவ்வளவு காற்று ஓட வேண்டும், எந்த வழியாக ஓட வேண்டும் என்பதையெல்லாம் எஃகின் வடிவமே தீர்மானிப்பதால், வெல்டிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அளவுகள் பிசகினால் அடுப்பு சரியாக வேலை செய்யாது.

பலரும் தேடுவது 500 கேலன் தொட்டியை, அதாவது சுமார் 1,900 லிட்டர் கொள்ளளவு உள்ளதை. ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம், 6 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன், காலியாக 430 கிலோ எடை. அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட இந்தக் கனம் அடுப்புக்கு வேறொரு விதத்தில் உதவுகிறது. ஒரு கிலோ எஃகை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.49 கிலோஜூல் தேவை. எனவே தொட்டி முழுவதையும் 30 டிகிரி செல்சியஸிலிருந்து 130 டிகிரிக்குக் கொண்டுவர 21 மெகாஜூல் வேண்டும். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும் என்பதால், காற்றில் வீணாகும் வெப்பத்தைச் சேர்க்காமலேயே முதல் ஒன்றரைக் கிலோ விறகு எஃகைச் சூடேற்றவே செலவாகிவிடும். அப்படிச் சூடேறிய எஃகு, கதவைத் திறக்கும்போதும் விறகு தணியும்போதும் வெப்பநிலை சட்டென்று விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. கடையில் விற்கும், மெல்லிய தகட்டில் செய்த அடுப்புகள் மேகம் மறைத்தாலே குளிர்ந்துபோவது இந்த இருப்பு இல்லாததால்தான்.

தொட்டியை வெட்டுவதுதான் இந்த வேலையிலேயே உயிருக்கு ஆபத்தான கட்டம். புரொப்பேன் காற்றில் 2.1 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1,900 லிட்டர் தொட்டியில் 2.1 சதவீதம் என்பது 40 லிட்டர் வாயு. எடையில் எழுபது கிராமை ஒட்டியது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால், வால்வைக் கழற்றித் திறந்து வைத்துவிட்டால் தானே போய்விடும் என்று நம்ப முடியாது; அது அடியிலேயே தங்கிக் கிடக்கும். அதனால்தான் தொட்டியில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, உள்ளே இருப்பதை முழுக்க வெளியே தள்ளுகிறார்கள். அந்த நீரே ஏறத்தாழ 1.9 டன் இருக்கும் என்பதால், கீழே வைக்கும் தாங்கிகளும் அதற்கேற்பப் பலமாக இருக்க வேண்டும். அதன் பிறகும் துருவின் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். வெட்டும் சூட்டில் அது ஆவியாகும். எரிவாயு அளவிடும் கருவியால் சோதிக்காமல் வெட்டக் கூடாது. இத்தொழிலில் பயிற்சி பெற்றவரிடம் இந்த ஒரு கட்டத்தையாவது ஒப்படைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

தொட்டிக்குள்ளிருந்து வரும் நாற்றம், எரிவாயுவில் கலக்கும் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளுடையது; நம் வீட்டு எரிவாயு சிலிண்டர் கசியும்போது நம்மை எச்சரிப்பதும் மெர்காப்டன் வகை நாற்றந்தான். எரிவாயுவில் நாற்றம் கலப்பது சட்டமானதற்கும் டெக்சாஸுக்கும் தொடர்பு உண்டு. 1937 மார்ச் 18 அன்று அம்மாநிலத்தின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் முந்நூறு பேர் அளவில் மாண்டனர், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகே நாற்றமூட்டுதல் அங்கே கட்டாயமாக்கப்பட்டது. பயன்படுத்திக் கழித்த தொட்டியில் அந்த நாற்றம் மாதக்கணக்கில் விடாது. முதல் சில முறை வெறும் விறகு எரித்தால்தான் போகும்.

கதவுக்காக உருளையை வெட்டும்போது இன்னொரு பாடம் கிடைக்கும். தகட்டை வளைத்து உருளையாக்கியபோது எஃகினுள் சேர்ந்த தகைவு (உள்ளே அடங்கி நிற்கும் விசை), வெட்டு விழுந்ததும் விடுதலை பெறுகிறது. வெட்டிய துண்டு ஒரு வளைவுக்கும் தொட்டி வேறொரு வளைவுக்கும் நகர்ந்துவிடுகின்றன. நான்கு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு கீல் மாட்டப் பார்த்தால் கதவு பொருந்தாது. ஆகவே அனுபவசாலிகள் முதலில் கீல் வரும் பக்கத்தை மட்டும் வெட்டி, கீல்களை அங்கேயே ஒட்டி, மீதிப் பக்கங்களில் விளிம்புப் பட்டையைப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்துவிட்டு, அதன் பின்னரே கடைசி வெட்டுகளைப் போடுகிறார்கள்.

இனிக் காற்றோட்டம். புகைபோக்கிக்குள் உள்ள வாயு 120 டிகிரியிலும் வெளிக்காற்று 30 டிகிரியிலும் இருந்தால், வெளியே ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.17 கிலோ; உள்ளே 0.90 கிலோ. நெருப்பறையின் காற்றுவாயிலிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை 1.2 மீட்டர் உயரம் என்று கொண்டால், இந்த எடை வேறுபாடு உண்டாக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 3 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீர் உயரமாகச் சொன்னால் 0.3 மில்லிமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் நெருப்புக்கு மூச்சு கொடுப்பது இந்த மூன்று பாஸ்கல் மட்டுமே. ஆகவே வழியில் உள்ள ஒவ்வொரு குறுகலும் கணக்கில் சேரும். புகைபோக்கிக்கு 10 சென்டிமீட்டர் விட்டக் குழாய்க்குப் பதில் 15 சென்டிமீட்டர் குழாய் போட்டால் பரப்பு 2.25 மடங்காகிறது, நெருப்பறையையும் இறைச்சியறையையும் இணைக்கும் திறப்பு சிறிதாகிவிட்டால் எவ்வளவு உயரமான புகைபோக்கியும் அதை ஈடுகட்டாது. நெருப்பறையின் கொள்ளளவு இறைச்சியறையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்க வேண்டும் என்பது செய்வோரிடையே புழங்கும் கைக்கணக்கு. அது இயற்பியல் விதியன்று. அனுபவத்தில் தேறிய அளவு.

புகைபோக்கியை உருளையின் உச்சியில் வைத்தால், மேலே மிதக்கும் சூடான வாயு இறைச்சியைத் தொடாமலே நேராக வெளியேறிவிடும். அதன் வாயை, இறைச்சி வைக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் பக்கவாட்டில் பொருத்தினால், சூடு இறங்கிவந்து இறைச்சியைக் கடந்தே போக வேண்டியிருக்கும். வெப்பமானியையும் அதே மட்டத்தில்தான் பொருத்த வேண்டும். கதவின் மேற்பகுதியில் அலங்காரமாக வைத்த முள், இறைச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெப்பநிலையைத்தான் காட்டும். நெருப்பறை வாயை ஒட்டிய இறைச்சி கருகாமலிருக்க ஒரு தடுப்புத் தகடு வைப்பது வழக்கம். சிலர் அத்தகட்டை முழு நீளத்துக்கும் போட்டு, புகையைத் தகட்டின் கீழே மறுமுனைவரை ஓட்டித் தட்டின் மேல் வழியே திருப்பிக் கொண்டுவருவார்கள். சூடு சீராகும், ஆனால் வழி நீண்டு, அந்த மூன்று பாஸ்கலில் பெரும்பகுதி உராய்விலேயே தேய்ந்துவிடும்.

இந்த இழுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புகையின் நிறத்தில் தெரியும். விறகு நேரடியாக எரிவதில்லை. சூட்டில் சிதைந்து வாயுக்களை வெளிவிட, அவையே சுடராக எரிகின்றன. போதிய காற்றும் 600 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் இருந்தால் பெரும்பகுதி எரிந்துவிடும். எஞ்சுபவை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள். அவை சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறடிப்பதால், புகைபோக்கியின் வாயில் மெல்லிய நீலம் தெரியும். காற்று குறைந்தால் எரியாத தார்த் துளிகளும் நீர்த்துளிகளும் பெரிதாகத் திரண்டு எல்லா நிறங்களையும் ஒன்றாகச் சிதறடிக்கும். அடர்ந்த வெண்புகை வரும், கறி கசக்கும். சூடு கூடிவிட்டதென்று காற்றுவாயிலை மூடுவோர் செய்வது இதைத்தான். வெப்பத்தைக் குறைக்க வேண்டுமானால் நெருப்பைச் சிறிதாக்க வேண்டுமே ஒழிய, அதன் மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஓக் போன்ற வன்மரங்களுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வரும் குவையக்கால், சிரிங்கால் என்ற சேர்மங்கள்தான் நாம் விரும்பும் சுவையையும் மணத்தையும் தருகின்றன. பிசின் மிகுந்த பைன் விறகை யாரும் பயன்படுத்துவதில்லை.

இறைச்சியின் உள்வெப்பம் 65 டிகிரியைத் தாண்டியதும் பல மணி நேரம் ஏறாமல் நின்றுவிடும். மேற்பரப்பில் ஆவியாகும் நீர், வந்துசேரும் சூடு முழுவதையும் எடுத்துச் செல்வதே காரணம் என்பதை இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் சோதனையால் காட்டினார். அந்த இடைவெளியிலும் அதன் பிறகும் இறைச்சியை விறைப்பாக்கும் கொலாஜன் என்ற புரதம் மெல்ல மென்மையான ஜெலட்டினாகக் கரைந்து, 95 டிகிரியை நெருங்கும்போது கறி இளகும்.

டிரெய்லரைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். மூன்று மீட்டர் எஃகு நூறு டிகிரி சூடேறினால் 3.6 மில்லிமீட்டர் நீளும். எனவே தொட்டியின் ஒரு முனையைச் சட்டத்தோடு ஒட்டி, மறுமுனையைத் தாங்கியின் மேல் நழுவ விட வேண்டும். இரண்டு முனையையும் இறுக்கினால் ஒட்டு ஒருநாள் கீறும். இரண்டாவது, எடைப் பங்கீடு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் வேகமெடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கனத்த நெருப்பறை காரிலிருந்து விலகிப் பின்முனையில் இருப்பதால், சக்கர அச்சை நடுவிலிருந்து நன்றாகப் பின்தள்ளிப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஒன்றரை டன் அடுப்பானால் கொக்கியில் 150 முதல் 225 கிலோ. விறகுக் கூடையை முன்பக்கம் கட்டி இதைச் சரிசெய்வோர் உண்டு. ஆனால் விருந்து முடிந்து திரும்பும்போது அந்த விறகு எரிந்து தீர்ந்திருக்கும் என்பதால், கூடையைக் காலியாக வைத்தும் ஒருமுறை எடை போட்டுப் பார்த்த பிறகே அச்சை நிலையாக ஒட்ட வேண்டும்.