பையன் சொன்னால் சிரிக்காதீர்கள்

1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில், 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரில், அடுத்தடுத்த இரண்டு வாரங்கள் ஒரே கதை ஓடியது. பெயர் 'தி பைசைக்கிள் மேன்'. நியூயார்க்கில் வசதியான வீட்டில் வளரும் சிறுவன் ஆர்னால்ட், அவனுடைய நண்பன் டட்லி. சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹார்ட்டன் என்ற பெரியவர் இவர்களோடு பழகத் தொடங்குகிறார். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கதை. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலை, அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு நடப்பதை, குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் ஒரு சிரிப்புத் தொடர் பேசியது அன்றைக்குப் பெரிய துணிச்சல். ஆர்னால்டின் அப்பாவாக நடித்த கான்ராட் பெயின், கதை தொடங்கும் முன்பே திரையில் வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்வார்.

வேலூரில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கதையை அடிக்கடி எடுத்துச் சொல்வேன். அதில் பாதி அவ்வளவு சரி, பாதி அவ்வளவு தவறு.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். ஹார்ட்டன் யாரையும் கடத்துவதில்லை, மிரட்டுவதில்லை. அந்த வேடத்துக்கு கார்டன் ஜம்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு நகைச்சுவைத் தொடரில் நல்ல மனசுக்கார வானொலி நிலைய மேலாளராக மக்களுக்குப் பழகிய முகம் அவர். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. முதலில் ஐஸ்கிரீம் தருகிறார். அப்புறம் பெரியவர்கள் பார்க்கும் புத்தகம், கொஞ்சம் ஒயின், சட்டையைக் கழற்றிவிட்டு விளையாட்டாகப் புகைப்படம். கூடவே, இதெல்லாம் நமக்குள்ளேயே இருக்கட்டும் என்ற பேச்சு. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் உயரம். அதனால் எந்தப் படியில் வேண்டாம் என்று சொல்வதென்று பிள்ளைக்குத் தெரிவதில்லை.

பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அந்த ஒயினும் புத்தகமும் வெறும் ஆசை காட்டல் இல்லை, பிள்ளையின் வாய்க்குப் போடும் பூட்டு. 'நானும் குடித்தேனே, நானும் பார்த்தேனே, வீட்டில் தெரிந்தால் எனக்குத்தான் அடி விழும்' என்று அவன் நினைக்கிறான். தப்பு தன் மேல்தான் என்று நம்பிவிட்ட பிள்ளையை யாரும் தனியாக மிரட்டத் தேவையில்லை.

நம் பக்கத்தில் சைக்கிள் கடைக்குப் பதில் செல்போன் இருக்கிறது. கேம் விளையாடத் தன் போனைத் தரும் பக்கத்து வீட்டு அண்ணன், ரீசார்ஜ் போட்டுவிடும் மாமா, டியூஷன் முடிந்த பிறகும் இருக்கச் சொல்லும் ஒருவர். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் அப்பா அம்மா இருவரும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். பள்ளி விட்ட பிறகு கம்பெனி வேன் வந்து அம்மாவை இறக்கிவிடும் வரை பிள்ளை யாரையாவது நம்பித்தான் இருக்க வேண்டும். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போனால் வீடு நிறைய உறவு, இடம் இருக்கிற பக்கம் பாய் போட்டுப் படுப்போம். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாழ்க்கை அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பிள்ளைகளுக்கு எதிரான வன்புணர்வு வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்தான். தெரியாத ஆளிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திவிட்டால் போதவே போதாது.

இன்னொரு கணக்கு. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியது. ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் மேல், 52.94 விழுக்காடு, ஆண் பிள்ளைகள். கூட்டத்தில் இதைச் சொன்னதும் அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பெண் பிள்ளையைப் பொழுது சாய்ந்தால் வெளியே விடாத வீட்டில், பையன் ராத்திரி எங்கே தூங்குகிறான் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'உன்னை எவன்டா தூக்கிட்டுப் போவப் போறான்' என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

இனி தவறான பாதி. அந்தக் கதையில், நகைச்சுவைத் தொடர்களில் வழக்கமாகக் கேட்குமே, பார்வையாளர்களின் சிரிப்பொலி, அது பின்னணியில் ஓடுகிறது. ஹார்ட்டன் வீட்டில் பையன்கள் அவரோடு விளையாடும் காட்சியிலும் சிரிப்பு. ஆர்னால்ட் சங்கடத்தில் நெளிந்தபடி துடுக்காக ஏதோ சொன்னால் அதற்கும் சிரிப்பு. வழக்கமான இடத்தில் வழக்கம்போலச் சிரித்துவிட்டார்கள் என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் நம் வீட்டிலும் இதுவேதான் நடக்கிறது.

என்னிடம் வரும் பையன்கள் பலர், முதல் தடவை வீட்டில் பாதி விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார்கள். 'ஆயா, அந்த அண்ணன் ஒரு மாதிரி விளையாடறாரு' என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை. கேட்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகப் போடும் வார்த்தை அது. கேட்டவர்கள் சிரித்தால், 'போடா, பொட்டப் புள்ள மாதிரி' என்று அண்ணன் கிண்டல் செய்தால், கதை அங்கேயே முடிந்துவிடும். அடுத்த வார்த்தை வர வருடக்கணக்காகலாம், வராமலே போகலாம். பையன் சிரித்துக்கொண்டு சொன்னாலும் நீங்கள் சிரிக்காதீர்கள். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, 'அப்படியா? அப்புறம் என்ன ஆச்சு?' என்று மட்டும் கேளுங்கள். நீ ஏன் போனே, ஏன் அப்பவே சொல்லல என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். அவன் சொல்லி முடித்ததும், 'தப்பு உன் மேல் இல்லை, சொன்னது நல்லது' என்று சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் அழுதோ கத்தியோ விட்டால், தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று பேச்சை மாற்றிவிடுவான்.

அந்தக் கதையின் முடிவும் எனக்கு ஒப்பவில்லை. ஆர்னால்ட் வீட்டில் வாய் திறக்கிறான், பெரியவர்கள் போலீசோடு போய் டட்லியை மீட்கிறார்கள், ஒரு அதிகாரி விளக்கம் சொல்கிறார், எல்லாம் சரியாகிவிடுகிறது. நிஜத்தில் சொன்ன பிறகுதான் பல பிள்ளைகளுக்குக் கோபமும் படுக்கையில் சிறுநீர் போவதும் பள்ளிக்குப் போக மறுப்பதும் தொடங்கும். அந்த ஆள் பாவம் என்று அவருக்காகவே பரிந்து பேசும் பிள்ளை உண்டு. நான் சொன்னது பொய் என்று மாற்றிச் சொல்லும் பிள்ளையும் உண்டு. இதை வைத்து அவன் பொய் சொன்னான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்வார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும். விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. போலீஸ் என்றதும் பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம், விசாரிக்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெயரையும் பள்ளியையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இதையெல்லாம் நீங்கள் உரிமையாகவே கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.

நடந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் முதலில் மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நல்லது. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். போலீஸ் புகார் போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பையனுக்கும் இதே விதிதான்.