ஃபேன் காற்றின் முறுக்கை எடுப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கு, அறிவியல் கண்காட்சி வேலையில் உதவப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தெர்மாகோல் விமான இறக்கையை டேபிள் ஃபேன் முன்னால் தொங்கவிட்டிருந்தாள். ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் தாழ்ந்தது. "நான்தான் கோணலா வெட்டிட்டேன் சார்" என்று மூன்று இறக்கைகளை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தட்டை அட்டையைத் தொங்கவிட்டோம். அதிலும் அதே பக்கம்தான் எழும்பியது. புரட்டி மாட்டினோம், அப்போதும் அதே பக்கம்.

ஃபேன் இலைகள் காற்றை முன்னால் தள்ளுவதோடு, சுழலும் திசையில் முறுக்கியும் விடுகின்றன. அந்த முறுக்கு இறக்கையின் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனையை அழுத்தும். அதே மாடலைச் சாயங்காலம் தென்கடல் பக்கம் கொண்டுபோனோம். தண்ணீர்மேல் தடையில்லாமல் வரும் கச்சான் காற்றில் அது ஒரு பக்கமாகச் சாயவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாடலைக் குறை சொல்லும் முன் காற்றைச் சரிசெய்யுங்கள். அதற்கு ஸ்ட்ரா போதும்: இருபக்கமும் திறந்த அட்டைப்பெட்டியின் முன்வாயில் ஸ்ட்ராத் துண்டுகளை அடுக்கி, காற்றை அவற்றின் வழியே விட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை, அதனால் காகித ஸ்ட்ரா. 6 மில்லிமீட்டர் குழல் என்றால் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். நீளம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு இருந்தால் பக்கவாட்டு ஓட்டம் நன்றாக அடங்கும். ரொம்ப நீளமானால் காற்றின் வேகம் செத்துவிடும். 20 சென்டிமீட்டர் சதுர அட்டைப்பெட்டி வாய்க்கு ஏறக்குறைய 1,300 துண்டுகள், அதாவது ஒன்றில் நான்கு துண்டு கிடைக்கும் 20 சென்டிமீட்டர் ஸ்ட்ரா என்றால் 320 போல வேண்டும். தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கினால் பசைகூடத் தேவையில்லை. வேகம் இடத்துக்கு இடம் மாறினால், குழல்களுக்குப் பின்னால் கொசுவலைத் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டுங்கள்.

ஃபேனைப் பெட்டியின் பின்வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சவிடுவதே நல்லது. முன்னால் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் காற்று போக வழியின்றி மோட்டார் சூடேறும். கூண்டைக் கழற்றவே கூடாது. காற்றோட்டம் பார்க்க ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். தெர்மாகோலும் அட்டையும் இருக்கும் இடத்தில் தயவுசெய்து வேண்டாம். நூல்துண்டுகளை ஒட்டினால் போதும், நேராக நீண்டு நிற்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

நம் கடலோர ஈரத்தில் காகிதக் குழல் ஊறி நெளிந்துவிடும். கண்காட்சி அன்று காலையில் அந்த நூல்களை இன்னொரு முறை பாருங்கள்.