மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும்

ஆஸ்திரேலியாவில் ‘ஃபூட்டி’ என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர், கிரிக்கெட் வீரர்களைப் போல இவர்களும் ஹெல்மெட் அணிந்துகொண்டால் தலைக்காயச் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று கேட்டு எழுதியிருந்தார். 2023 செப்டம்பர் 7 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட் அணிக்கும் மெல்பர்ன் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், பந்தை உதைத்து முடித்த கணத்தில் மெல்பர்ன் வீரர் ஆங்கஸ் பிரேஷாவின் தலையில், அந்தப் பந்தை மறிக்கத் துள்ளியெழுந்த பிரேடன் மேனார்டின் தோள் மோதியது. பிரேஷா அன்று தலைக்கவசம் அணிந்துதான் ஆடினார். நினைவிழந்து விழுந்த அவர் அதன்பின் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. 2024 பிப்ரவரியில், 28 வயதில் ஓய்வு பெற்றார். கவசம் ஏன் அவரைக் காக்கவில்லை என்பதற்கான விளக்கம், எனக்குத் தெரிந்த அறிவியல் விளக்கங்களிலேயே மிக அழகானவற்றுள் ஒன்று.

அதற்கு முன், இந்த ஆட்டத்தில் முரட்டுத்தனம் எப்படி ஒரு குடும்பச் சொத்தைப் போலக் காக்கப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹாதார்ன், எசெண்டன் ஆகிய மெல்பர்ன் நகர அணிகள் 1983, 1984, 1985 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதிப் போட்டியில் மோதிக்கொண்டன. அந்தப் பகை ஆறாமல் இருந்து, 2004 ஜூன் மாதம் நடந்த ஆட்டத்தில் மைதானம் முழுவதும் கைகலப்பாக வெடித்தது. அன்றைய இடைவேளையில் ஹாதார்ன் வீரர்களிடம், இதற்குமேல் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று மணலில் ஒரு கோடு கிழியுங்கள் என உசுப்பேற்றியவர் அணியின் முன்னாள் நட்சத்திரம் டெர்மட் பிரெரட்டன். அவருக்கு அப்படிச் சொல்லும் உரிமையைக் கொடுத்தது 1989ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி.

அன்று ஜீலாங் அணியின் மார்க் யேட்ஸ், நடுவர் பந்தைத் தரையில் குத்தி எழுப்பி ஆட்டத்தைத் தொடங்கிய உடனேயே நேராக ஓடிவந்து பிரெரட்டனை இடித்துச் சாய்த்தார். விலா எலும்பு முறிந்த பிரெரட்டன் வாந்தியெடுத்தார். ஆனாலும் வெளியேற மறுத்து, சற்று நேரத்தில் ஒரு கோலும் அடித்தார். அவருடைய அணித்தோழர் ராபர்ட் டிபியெர்டொமெனிக்கோ, முறிந்த விலா நுரையீரலைக் குத்திய நிலையிலேயே ஆடி முடித்து மருத்துவமனைக்குப் போனார். தலையில் அடிபட்ட ஜான் பிளாட்டன் மட்டும் ஆட்டத்தின் முற்பகுதியிலேயே வெளியேற வேண்டியிருந்தது. ஹாதார்ன் 6 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. முரட்டு அணி என்ற அதன் பெயர் அன்று கல்வெட்டாகிவிட்டது.

அந்த மூவரில் இருவருக்கு முறிந்தது விலா. விலா முறிந்தால் ஒவ்வொரு மூச்சிலும் வலிக்கிறது. உடல் எச்சரிக்கிறது, மனிதர் அதை மீறி ஆடுகிறார், சில வாரங்களில் எலும்பு கூடிவிடுகிறது. மூளைத்திசுவிலோ வலியை உணரும் ஏற்பிகளே இல்லை. எனவே பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மூளைக்குள் என்ன அறுந்தாலும் அறுந்தது நமக்குத் தெரிவதில்லை.

என்ன அறுகிறது என்பதைப் பார்க்க ஒரு கிண்ணம் கடல்பாசி போதும். காய்ச்சிய கடல்பாசியை வட்டமான எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி உறையவிட்டு, மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்பு வரை வண்ணத்தால் நேர்க்கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மேசைமீது நேராகத் தள்ளி நிறுத்தினால் கோடு ஏறக்குறைய நேராகவே இருக்கும். இப்போது கிண்ணத்தைப் பம்பரம் சுற்றுவதுபோலச் சட்டென்று திருப்பி நிறுத்துங்கள். விளிம்பு திரும்பிவிடும், நடுப்பகுதி பின்தங்கும், கோடு ஒரு கணம் அரிவாள்போல வளையும்.

ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் ஏறத்தாழ இதையேதான் மண்டையோட்டின் வடிவில் வார்த்த ஜெலட்டினைக் கொண்டு செய்து பார்த்து 1943இல் வெளியிட்டார். மூளையை அமுக்கிச் சிறிதாக்குவது தண்ணீரை அமுக்குவதைப் போல மிகக் கடினம். ஆனால் ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கைச் சறுக்கவைப்பதற்கு, அதாவது பள்ளிப் பாடத்தில் நாம் படித்த சறுக்குப்பெயர்ச்சிக்கு, அதைவிடப் பல லட்சம் மடங்கு குறைந்த விசையே போதும். தலை நேர்க்கோட்டில் அதிர்ந்தால் மூளை மொத்தமாக நகர்கிறது. தலை சுழன்றாலோ அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சறுக்குகின்றன. அந்த அடுக்குகளின் ஊடே நீண்டு செல்பவைதான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட நரம்பிழைகள்.

என்னை வியப்பில் ஆழ்த்துவது இந்த இழைகளின் இயல்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்மித்தின் ஆய்வுக்கூடத்தில் நரம்பிழைகளை மிக மெதுவாக, நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் இழுத்துப் பார்த்தார்கள். இழைகள் அறவில்லை, இழுக்க இழுக்கப் புதிய பொருளைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தன. குழந்தை வளரும்போது கால் நரம்பு நீள்வதும் இப்படி இழுபட்டுத்தான். அதே இழையை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெடுக்கென்று இழுத்தபோது, அது வெளியே அறாவிட்டாலும், உள்ளே முறிந்தது.

வெல்லப்பாகு கெட்டியாகும் பதத்தில் இருக்கும்போது இரு விரல்களால் மெல்ல இழுத்தால் கம்பியாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். நரம்பிழைக்குள் பாகின் வேலையைச் செய்வது ‘டவ்’ என்ற புரதம். இழையின் நீளவாக்கில் ஓடும் நுண்குழல்கள், செல்லின் சரக்குகளைச் சுமந்து செல்லும் தண்டவாளங்கள். அவற்றை ஏணிப்படிகள்போலக் குறுக்கே பிணைத்து வைத்திருப்பது டவ். மெதுவான இழுப்பில் இந்தப் பிணைப்புகள் விட்டுக்கொடுத்து, நகர்ந்து, மறுபடியும் பற்றிக்கொள்கின்றன. வேகமான இழுப்பில் விட்டுக்கொடுக்க நேரமே இல்லாததால் டவ் விறைத்து நின்று, முழு விசையையும் நுண்குழல்கள்மீது இறக்கிவிடுகிறது, அவை முறிகின்றன. விசை நீங்கியபின் பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் இழை, முறிந்த முனைகள் முட்டுவதால் நெளிநெளியாக நின்றுவிடுகிறது. தண்டவாளம் உடைந்த இடத்தில் சரக்கு தேங்கி, இழை புடைக்கிறது.

தலைக்கவசத்தின் எல்லை இப்போது விளங்கும். அது மண்டையோட்டின்மீது விழும் அடியைப் பரப்பிக் குறைக்கிறது. கழுத்தின்மேல் தலை சுழல்வதை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. சுழற்சியைக் குறைக்கக்கூடியவை முன்கூட்டியே இறுகிய கழுத்துத் தசைகள்தான். ஆனால் ஃபூட்டியில், பந்துக்கு முன்னால் போய் நிற்பதைக் கட்டுப்படுத்தும் ஆஃப்சைடு விதி இல்லை. வானத்தில் வரும் பந்தைப் பார்த்து நிற்பவரை எதிராளி எந்தத் திசையிலிருந்தும் வந்து இடித்துவிட நேரலாம். வருவதை அறியாதவரின் கழுத்து தளர்ந்தே இருக்கும்.

அடிபட்ட நரம்பு செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. அதைச் சீராக்க அயனி எக்கிகள் குளுக்கோஸை எரித்துத் தள்ளும் நேரத்தில் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. இந்தப் பற்றாக்குறை தலைவலி நின்ற பிறகும் நாள்கணக்கில் நீடிப்பதால்தான், அடிபட்டவர் குறைந்தது 12 நாள் கழித்தே ஆடலாம் என்று, ஆட்டத்தை நடத்தும் அமைப்பான ஏஎஃப்எல் 2021இல் விதித்தது. அடி வாங்க வாங்கத் தலை பழகிவிடும் என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். தசை பழகும், தோல் காய்க்கும், டவ் புரதத்துக்குப் பயிற்சியே கிடையாது.

நுண்குழலை விட்டுக் கழன்ற டவ், ஆண்டுகள் பல கழித்து உருமாறிக் கட்டிகட்டியாகப் படிவதே நாட்பட்ட அதிர்ச்சிசார் மூளைச்சிதைவு என்ற நோயின் அடையாளம். மூளை மடிப்புகளின் ஆழமான பள்ளங்களில், சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றி அது படிகிறது. கணினி மாதிரிகளில் இழுவிசை அதிகம் குவிவதும் அதே பள்ளங்களில்தான் என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்தே இந்நோயை உறுதிசெய்ய முடியும் என்பதால், 2018இல் சிட்னியில் தொடங்கிய ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கி, இறந்தவர்களின் மூளையைக் குடும்பங்கள் கொடையாகத் தருவதையே நம்பியிருக்கிறது. இத்தகைய ஆய்வுக்கு, ஆட்டத்தை நடத்தும் அமைப்பின் கை படாத பொதுநிதி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1989 இறுதிப் போட்டியில் ஹாதார்னின் தலைவராக நின்றவர் மைக்கேல் டக். எதிரே ஜீலாங்குக்காக 9 கோல் அடித்தவர் அவருடைய மைத்துனர் கேரி ஆப்லெட். டக்கின் மகன் ஷேன் அப்போது ஏழு வயதுச் சிறுவன். வளர்ந்து ரிச்மண்ட் அணிக்காக 173 ஆட்டங்களில், மோதலுக்கு அஞ்சாதவர் என்று பெயரெடுத்து ஆடிய அவர், ஓய்வுக்குப் பின் குத்துச்சண்டையிலும் இறங்கினார். 2020இல், 38 வயதில் இறந்தார். அடுத்த ஜனவரியில் சிட்னி மூளை வங்கி தன் முடிவை அறிவித்தது: அவருடைய மூளையில் அந்த நோய் முற்றிய நிலையில் இருந்தது.