நோய் பரப்பும் பூச்சிக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்

"வெள்ளை ஈ அவ்வளவாக இல்லையே, பிறகு எப்படிச் செடி எல்லாம் இலை சுருண்டு நிற்கிறது?" பயிர்ப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காத பருவமே இருக்காது. வைரஸைத் தாங்கிய ஒரே ஒரு வெள்ளை ஈ ஒரு செடிக்கு நோயை ஏற்றப் போதும் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. அது சரியான விடைதான், ஆனால் முழுமையானதல்ல. ஒரே இனத்தைச் சேர்ந்த, பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு பூச்சிக் கூட்டங்களில் ஒன்று நோயைத் தீவிரமாகப் பரப்புவதும் மற்றொன்று மந்தமாகப் பரப்புவதும் உண்டு. அதற்கான காரணங்களில் ஒன்று அந்தப் பூச்சிகளின் உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பாக்டீரியாக்கள்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இந்தப் பாக்டீரியாக்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை அவற்றின் உணவிலிருந்து பார்க்க வேண்டும். அசுவினி, வெள்ளை ஈ, சைலிட் போன்றவை செடியின் உணவுக் குழாய்களில் ஓடும் சாற்றையே நம்பி வாழ்கின்றன. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம்; ஆனால் விலங்குகளால் தாமாக உருவாக்கிக்கொள்ள முடியாத இன்றியமையாத அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. இந்தக் குறையைப் பூச்சிக்குள் இருக்கும் பாக்டீரியாக்களே நிரப்புகின்றன. அசுவினிகளில் இந்த வேலையைச் செய்வது புக்னெரா. பூச்சிகளின் கூட்டுயிரிகளை (உடலுக்குள் சேர்ந்தே வாழும் நுண்ணுயிர்களை) ஆராய்வதற்கே தன் வாழ்நாளைச் செலவிட்ட ஜெர்மன் விலங்கியலாளர் பால் புக்னரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அதன் மரபணுத் தொகுதி 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபோது, ஏறத்தாழ 6,40,000 டிஎன்ஏ கார இணைகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய தொகுதியாக அது இருந்தது. பூச்சிக்கு வெளியே தனித்து வாழத் தேவையான பல மரபணுக்களை அது இழந்துவிட்டது. அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களையோ பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கிறது. சைலிட் பூச்சிகளுக்குள் வாழும் கார்சொனெல்லாவின் தொகுதி இதைவிடச் சிறியது. சுமார் 1,60,000 இணைகள்தான்.

இவை பூச்சியின் உடலெங்கும் திரிவதில்லை. பாக்டீரியாக்களுக்கென்றே அமைந்த தனிச் செல்களில் அடைபட்டு வாழ்கின்றன. ஓர் இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயின் இளம்பருவத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், செதில்போலத் தட்டையாக, ஒளி ஊடுருவும் அந்த உடலின் நடுப்பகுதியில் இரண்டு மஞ்சள் நிறத் திட்டுகள் தெரியும். பாக்டீரியாக்கள் குடியிருக்கும் உறுப்பு அதுதான். தாய்ப்பூச்சி முட்டை உருவாகும்போதே இத்தகைய செல் ஒன்றை முழுதாக முட்டைக்குள் வைத்து அனுப்பிவிடுகிறது. ஆகவே முட்டையிலேயே அந்த மஞ்சள் புள்ளியைக் காண முடியும். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். அதற்குப் பிறகு வெள்ளை ஈயை ஒற்றை உயிராக நினைத்துப் பேசுவது அவர்களுக்கே கடினமாகிவிடுகிறது.

இந்த இன்றியமையாத பாக்டீரியாக்களுக்கு அப்பால், இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூச்சி உயிர்வாழக்கூடிய இரண்டாம் நிலைக் கூட்டுயிரிகளும் உண்டு. நோய் மேலாண்மையைப் பொறுத்தவரை நாம் அதிகம் கவனிக்க வேண்டியவை இவையே, ஏனெனில் ஒரு கூட்டத்தில் காணப்பட்டு இன்னொரு கூட்டத்தில் இல்லாமல் போவது இவைதான். அசுவினியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளிடமிருந்து ஹமில்டொனெல்லா என்ற பாக்டீரியா அதைக் காப்பாற்றுகிறது; அந்தப் பாதுகாப்பைத் தருவது பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியத்தின்னி வைரஸின் நச்சுப் புரதங்கள். செர்ராஷியா சிம்பயாட்டிகா என்ற மற்றொரு பாக்டீரியா கடும் வெப்பத்தைத் தாங்க உதவுகிறது. நாம் வயலில் குளவிகளை விட்டு அசுவினியைக் கட்டுப்படுத்த முயலும்போது சில இடங்களில் பலன் குறைவாகக் கிடைப்பதற்கு இத்தகைய பாதுகாப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நோய் பரப்புதலுடன் நேரடியாகத் தொடர்புள்ள சான்றுகளில் வெள்ளை ஈக்கும் தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸுக்கும் உள்ள தொடர்பு நன்கு ஆராயப்பட்டது. இந்த வைரஸ் பூச்சியின் குடல் சுவரைக் கடந்து, உடல் திரவத்தில் நீந்தி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே அடுத்த செடிக்குப் போக முடியும். அந்தப் பயணத்தில் வைரஸ் துகள் சிதையாமல் இருக்க, கூட்டுயிரிப் பாக்டீரியா உற்பத்தி செய்யும் குரோஇஎல் என்ற புரதம் அதனுடன் பிணைந்து காக்கிறது என்பதே விளக்கம். இஸ்ரேலில் செய்யப்பட்ட ஒப்பீட்டில், ஹமில்டொனெல்லாவைக் கொண்டிருந்த வெள்ளை ஈ வகை வைரஸை நன்றாகப் பரப்பியது. அந்தப் பாக்டீரியா இல்லாத வகை மிகக் குறைவாகவே பரப்பியது. இந்த விளக்கத்தை எல்லாப் பூச்சிகளுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. உருளைக்கிழங்கு இலைச்சுருட்டல் வைரஸுக்கும் அசுவினியின் புக்னெராவுக்கும் இதே போன்ற தொடர்பு 1994-இல் முன்வைக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள், புக்னெராவின் அந்தப் புரதம் அசுவினியின் உடல் திரவத்தில் காணப்படவில்லை என்று காட்டி அந்தக் கருத்தைக் கேள்விக்குள்ளாக்கின. மருந்து விற்பனைத் துண்டறிக்கைகளில் இந்தச் சிக்கல்கள் எதுவும் இடம்பெறுவதில்லை.

நெல்லைத் தாக்கும் குட்டை நோய் வைரஸ் இன்னும் வியப்பான வழியைக் கையாள்கிறது. பச்சைத் தத்துப்பூச்சியின் சூலகத்துக்குள் நுழையும் சல்சியா என்ற பாக்டீரியாவின் வெளிப்புறப் புரதத்தில் அந்த வைரஸ் ஒட்டிக்கொண்டு முட்டைக்குள் புகுந்துவிடுகிறது. 2017-இல் இது வெளியிடப்பட்டது. அப்படிப் பிறக்கும் குஞ்சு, நோயுற்ற செடியை ஒருமுறைகூட உறிஞ்சாமலேயே நோயைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. பாதிக்கப்பட்ட பயிர் அறுவடையாகி வயல் காலியாக இருந்தால் நோயும் ஓய்ந்துவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கூட்டுயிரிகளின் நிலை ஒரே வட்டாரத்தில்கூட மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் வெள்ளை ஈக் கூட்டங்களில் அரிதாக இருந்த ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளிலும் பரவிவிட்டது. அதைத் தாங்கிய பூச்சிகள் வேகமாக வளர்ந்தன, அதிகக் குஞ்சுகளை ஈன்றன, பெண் பூச்சிகளையே மிகுதியாகப் பெற்றன. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பரவல் தானாகவே இறங்கியும்விட்டது. ஒரு பருவத்தின் அனுபவத்தை வைத்து அடுத்த பருவத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தயங்குவதற்கு எனக்கு இது ஒரு நல்ல காரணமாகத் தோன்றுகிறது.

கூட்டுயிரி வேறு, நோய்க்கிருமி வேறு என்று பிரித்துவிட்டு நிம்மதியடையவும் முடியாது. எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் பசுமையாதல் நோயில் பிரிவு தெளிவாக இருக்கிறது. சைலிட் பூச்சிக்குள் கார்சொனெல்லா, புரொஃப்டெல்லா, வொல்பாக்கியா ஆகியவை குடியிருக்க, லிபெரிபாக்டர் என்ற தனிக் கிருமி நோயை உண்டாக்குகிறது. ஆனால் ஐரோப்பாவில் சர்க்கரைக் கிழங்கின் சர்க்கரை அளவைக் குறைக்கும் நோய்க்கு முதன்மைக் காரணம் ஆர்செனோபோனஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா. அந்தப் பேரினத்தின் மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலானவை பூச்சிகளின் அமைதியான குடியிருப்பாளர்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் தலைகாட்டிய அந்த நோய் பின்னர் ஜெர்மனியிலும் பரவியது. அதைப் பரப்பும் தத்துப்பூச்சி பாக்டீரியாவைத் தன் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கிறது.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் எழும் யோசனை ஒன்றுதான்: ஆண்டிபயாடிக் தெளித்துக் கூட்டுயிரிகளைக் கொன்றுவிட்டால் என்ன? டெட்ராசைக்ளின் வகை மருந்தை உணவில் கலந்து கொடுத்து ஆய்வகத்தில் அசுவினியின் புக்னெராவை ஒழிக்க முடியும். அந்த அசுவினிகள் குன்றிப்போய், குஞ்சு ஈனும் திறனையும் பெரும்பாலும் இழந்துவிடும். ஆனால் இலையின் மேல் தெளித்த மருந்து, உணவுக் குழாயில் ஊசிபோல் வாயைச் செருகி உறிஞ்சும் பூச்சிக்குப் போதுமான அளவில் போய்ச் சேருவதில்லை. ஃபுளோரிடாவில் எலுமிச்சை வகை மரங்களின் தண்டுக்குள் ஆக்ஸிடெட்ராசைக்ளின் செலுத்தப்படுவதும் மரத்துக்குள் இருக்கும் கிருமியைக் குறிவைத்துத்தான். மனித மருத்துவத்துக்குத் தேவையான மருந்துகளை வயலெங்கும் தெளித்து, மண்ணிலும் நீரிலும் எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாக்களைப் பெருக்குவது வேறொரு பெருந்தீங்கு. வெள்ளை ஈயின் கூட்டுயிரிகளை ஒழிப்பதாகச் சொல்லி யாரேனும் ஆண்டிபயாடிக் கலவையைப் பரிந்துரைத்தால் அதை வாங்க வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்வேன்.

பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதற்கும் இதே கோணத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. பயறுக் காய்களை உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சி, பெனிட்ரோதியான் என்ற பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பர்க்ஹோல்டேரியா பாக்டீரியாவை மண்ணிலிருந்து பெற்றுக்கொண்டு, அதனாலேயே அந்த மருந்தைத் தாங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினர். அந்த மருந்து பலமுறை விழுந்த மண்ணில்தான் அந்தப் பாக்டீரியா பெருகியிருந்தது.

கூட்டுயிரிகளைப் பயன்படுத்தும் முயற்சிகளில் நம்பிக்கை தருவது வொல்பாக்கியாவைச் சார்ந்தது. சிறு தத்துப்பூச்சியிலிருந்து எடுத்த வொல்பாக்கியா வகையை நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்குள் செலுத்தியபோது, அது பூச்சிக் கூட்டத்தில் தானே பரவியதுடன் நெல் ஒழுங்கற்ற குட்டை வைரஸையும் அடக்கியது. இது 2020-இல் வெளியான ஆய்வகக் கூண்டுச் சோதனையின் முடிவு. வயலுக்கு அது வரும்வரை, நோயற்ற நாற்று, நாற்றங்காலில் நுண்வலை, நோயுற்ற செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்தல், வரப்பில் வைரஸைத் தாங்கி நிற்கும் களைகளை நீக்குதல், செயல்முறை வேறுபட்ட மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் ஆகியவற்றுக்கு மாற்று இல்லை.

நோய் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் பரவுவதாகத் தோன்றினால், பூச்சிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பாமல் பூச்சிகளையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 95 சதவீத எத்தனால் நிரப்பிய சிறு குப்பியில், ஒரே செடியிலிருந்து எடுத்தவற்றை ஒரு குப்பியாகப் பிரித்து, பயிர், தேதி, கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சேதமடைந்து, உள்ளே எந்தப் பாக்டீரியா இருந்தது என்று கண்டறிவது கடினமாகிவிடும்.