2020 மாடல் பிக்கப்: எந்த மாதம்?

லோடு வண்டிச் சந்தையில் மாடல் என்றாலே வருடம்தான். "2020 மாடல், சிங்கிள் ஓனர், எஃப்.சி. கரண்ட்ல இருக்கு" என்பார் புரோக்கர். எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று. பேரமும் அந்த 2020-ஐப் பிடித்துக்கொண்டே நடக்கும். ஆனால் 2020 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன. ஒன்றை ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். இன்னொன்றுக்கு லேப்டாப்பைச் சொருகாமல் நோயே தெரியாது. இரண்டுக்கும் ஒரே விலை பேசுகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கலாம்.

பிக்கப், மினி டிரக் வாங்கப் போகிறவர் மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.4, அதாவது வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதியின் நான்காம் நிலை. 2020 ஏப்ரல் 1 முதல், ஐந்தைத் தாண்டி நேராக பி.எஸ்.6. 2023 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6-இன் இரண்டாம் கட்டம், ஓ.பி.டி.-2 (வண்டியே தன் பழுதைக் கண்காணிக்கும் அமைப்பு) வண்டி என்று சந்தையில் சொல்வது இதைத்தான்.

தேதிக்கு முன், தேதிக்குப் பின் என்று ஆர்.சி.யில் உள்ள பதிவுத் தேதியைப் பார்த்துப் பிரித்துவிட முடியாது. 2017 மார்ச் 29-இல் உச்ச நீதிமன்றம் பி.எஸ்.3 விற்பனையை ஏப்ரல் 1 முதல் நிறுத்தச் சொன்னதும், கடைசி இரண்டு நாளில் டீலர்கள் பெரிய தள்ளுபடியில் வண்டிகளைத் தள்ளிவிட்டார்கள். அவையும் 2017 மாடல்தான், ஆனால் பி.எஸ்.3. 2020-இல் இன்னும் சிக்கல். ஊரடங்கு வந்ததால் மார்ச் 31-க்குள் விற்ற பி.எஸ்.4 வண்டிகள் பல பதிவாகாமல் நின்றன. விற்பனை விவரம் அரசின் இ-வாஹன் பதிவுத் தளத்தில் ஏறியிருந்தவற்றை, டெல்லி வட்டாரம் நீங்கலாகப் பதியலாம் என்று ஆகஸ்ட் 13-இல்தான் நீதிமன்றம் அனுமதித்தது. ஆகவே 2020 செப்டம்பரில் பதிவான வண்டி என்பதற்காக அது பி.எஸ்.6 ஆகிவிடாது. 2019-இல் தயாராகி அந்தச் செப்டம்பரில் நம்பர் வாங்கிய வண்டியாகவும் இருக்கலாம்.

எந்த பி.எஸ். என்று சொல்லும் எமிஷன் நார்ம்ஸ் என்ற வரி ஆர்.சி. கார்டிலேயே இருக்கிறது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலும் வரும். அதற்கும் மேல் சேஸிஸ் நம்பர். 17 இலக்கத்தில் பத்தாவது எழுத்துதான் பெரும்பாலான இந்திய லோடு வண்டிகளில் வருடத்தைக் காட்டும். 2017-க்கு ஹெச், 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020-க்கு எல், 2021-க்கு எம், 2022-க்கு என், 2023-க்கு பி, 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். நடுவே ஐ, ஓ, க்யூ வராது. ஒன்று, பூஜ்யம் போன்றவற்றோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். மாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு, அதன் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நம்பரை ஆர்.சி.யில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சேஸிஸ் சட்டத்தில் பொறித்திருக்கும் இடத்தில் மண்ணைச் சுரண்டி, டார்ச் அடித்துப் படியுங்கள். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் புது பெயின்ட் இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

அடியில் என்ன மாறியது

டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, 2005-இல் வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். பம்பு, நாசில் எல்லாமே பழைய முறை. பி.எஸ்.6 டீசல் ஏஸ் கோல்டும் அதே 702 சிசிதான், ஆனால் நேரடியாக டீசல் பீய்ச்சும் அமைப்பு, 20 குதிரைத்திறன். வெளியே நின்று பார்த்தால் தம்பி அண்ணன் மாதிரி இருக்கும். அண்ணனுடைய பாகத்தை எடுத்துத் தம்பிக்குப் போட முடியாது.

பெரிய டீசல் பிக்கப்புகளில் மாற்றம் சைலன்சர் பக்கம்தான் அதிகம். பி.எஸ்.6-இல் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வந்தது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கச் சில வண்டியில் அதைப் பிடித்து வைக்கும் எல்.என்.டி., சில வண்டியில் யூரியா கரைசல் அடிக்கும் எஸ்.சி.ஆர். இவற்றைக் கண்காணிக்க வெப்ப சென்சார், அழுத்த சென்சார், நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் என்று ஒரு கூட்டம். டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து (பி.பி.எம்.) 10-க்குக் குறைந்தது.

டி.பி.எஃப்.-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பி.எஸ்.6 வாங்குகிறவர் பணம் இழப்பது பெரும்பாலும் இதில்தான். சேர்ந்த கரியை அந்த ஃபில்டர் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், ரீஜென் என்பார்கள். அதற்கு உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அந்தச் சூடு நின்று நிலைக்கவும் வேண்டும். ஹைவேயில் ஓடும் வண்டிக்கு இது தானாக நடக்கும். தெருத்தெருவாகத் தண்ணீர் கேன், சிலிண்டர், பால் போடும் வண்டிக்கு நடக்காது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை அணைத்துப் போட்டால் ரீஜென் பாதியில் அறுந்துபோகும், கரி ஏறிக்கொண்டே போகும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போதே நல்ல ரோட்டுக்குக் கொண்டுபோய் 50, 60 வேகத்தில் நிறுத்தாமல் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிரைவர் விளக்கைக் கண்டுகொள்ளாமல் இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் வண்டி இழுக்காது, சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் எரிக்க வேண்டும். அதையும் தாண்டினால் ஃபில்டரே மாற்ற வேண்டும்.

பாதியில் அறுந்த ஒவ்வொரு ரீஜெனிலும், சூடு ஏற்றக் கூடுதலாக அடித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால் அந்த வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது. "ஆயில் இப்பதான் புல்லா ஊத்துனோம்" என்ற பதிலை நம்பத் தேவையில்லை. மெலிந்த ஆயிலில் ஓடிய பேரிங்கும் டர்போவும் பின்னால் செலவு வைக்கும்.

செலவுக்குப் பயந்து டி.பி.எஃப்.-ஐக் குடைந்து எடுத்துவிட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.எம்.-இல் புரோகிராமை மாற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. சைலன்சர் ஆறியபின் விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, குழாய் முனையின் உட்புறத்தைத் துடையுங்கள். ஃபில்டர் ஒழுங்காக உள்ள வண்டியில் லேசான சாம்பல் நிறம்தான் ஒட்டும். அடுப்புக்கரி போல் கன்னங்கரேலென்று வந்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, இல்லையேல் உள்ளே ஃபில்டரே இல்லை. டி.பி.எஃப். கூட்டில் கையால் போட்ட வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மாட்டிக்கொள்வது அன்றைக்கு யார் ஓனரோ அவர்தான்.

சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தும் எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஸ்கேனர் போடும்போது பழுதுக் குறியீடு ஒன்றுமே இல்லை, ஆனால் வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், காலையில்தான் குறியீடுகளை அழித்திருக்கக்கூடும். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். யூரியா வண்டியாக இருந்தால் அது பீய்ச்சும் இடத்தைச் சுற்றி உப்புப் பூத்தது போல் வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்று கவனியுங்கள். 32.5 சதவீதக் கரைசல்தான் ஊற்ற வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் முதலில் நாசில் அடைக்கும், பிறகு சென்சார் போகும்.

பி.எஸ்.4 வண்டிக்குக் கிராமப்புறத்தில் இன்னும் கிராக்கி இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். செங்கல், வைக்கோல் ஏற்றி நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் தொழிலுக்கு, நன்றாக வைத்திருந்த 2019 வண்டி, அடைத்துக்கொண்ட 2021 வண்டியைவிட மேல். வருடம் கூடக்கூட விலை கூட வேண்டும் என்ற கணக்கு இங்கே உதைக்கும்.

பெட்ரோல் மினி டிரக் வாங்குகிறவருக்கு டி.பி.எஃப். தொல்லை கிடையாது. அவருக்கும் 2023 ஏப்ரல்தான் கோடு. அதிலிருந்து வந்த வண்டிகளில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும். அதற்கு முந்தைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ், சீல், பம்பு ஆகியவற்றில் வெடிப்போ கசிவோ உண்டா என்று தடவிப் பாருங்கள்.

பெயரும் எடையும்

2022 ஆகஸ்டில் மஹிந்திராவின் பொலேரோ மேக்ஸ் பிக்கப் 7.68 லட்சத்தில் ஆரம்பித்தது. 2023 ஏப்ரலில் சிட்டி, ஹெச்.டி. என்று விரித்து 7.85 லட்சத்திலிருந்து விற்றார்கள். ஹெச்.டி.யில் 2 டன் வரை, 10 அடித் தொட்டி வரை உண்டு. 2022-க்குப் பின் வந்த பொலேரோ எல்லாம் மேக்ஸ் அல்ல. பழைய பிக்கப்பும் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவது பெரிய வேலையில்லை, ஆர்.சி.யில் உள்ள மாடல் பெயரைப் படியுங்கள்.

அதே ஆர்.சி.யில் மொத்த எடையையும் (வண்டியும் பாரமும் சேர்த்து) பாருங்கள். 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, அதைத் தாண்டினால் தேவை. புது மாடலில் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று மகிழ்ந்து வாங்கியவர், பெர்மிட் செலவைச் சோதனைச் சாவடியில்தான் தெரிந்துகொள்கிறார். கமான் பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தால், தொட்டியை நீட்டியிருந்தால் ஆர்.சி. எடை ஏறாது, எஃப்.சி.தான் கிடைக்காமல் நிற்கும். பின் கமான் பிடிக்கும் இடத்தில் சேஸிஸில் கீறல், வெல்டிங் இருக்கிறதா என்று பார்ப்பது எந்த மாடலுக்கும் பொது.

"இனிமே எல்லா வண்டியிலும் ஏ.சி. கட்டாயம், விலை ஏறப்போகுது" என்ற பேச்சையும் கேட்கலாம். 2025 அக்டோபர் முதல் கட்டாயமானது 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினுக்கு. 3.5 டன்னுக்குள் உள்ள பிக்கப் அதில் வராது.

விலை பேசும்போது

பழைய வண்டியின் விலையை விற்பவர் வாங்கிய விலையிலிருந்து இறக்காதீர்கள். அதே பாரம் ஏற்றும் புது வண்டி இன்றைக்கு என்ன விலை என்பதிலிருந்து இறக்குங்கள். 2025 செப்டம்பர் 22-இல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 10 லட்சம் எக்ஸ் ஷோரூம் வண்டியில் வரி நீக்கிய விலை 7,81,250. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 9,21,875. ஒரே நாளில் 78,125 ரூபாய் இறங்கியது. 2025 ஆகஸ்டில் வாங்கியவர் அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். அவர் நிலைமை பாவம்தான், ஆனால் அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. வரி இல்லாமலே விலை இறங்குவதும் உண்டு. டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பின் அடிப்படை மாடல் 2022 மார்ச்சில் 33.99 லட்சம், அடுத்த மார்ச்சில் 30.40 லட்சம்.

இறக்குவதற்கு அளவுகோலாக இன்சூரன்ஸ் தேய்மானப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் கூடி ஐந்து வருடத்தில் 50. புது வண்டி விலையில் அந்தச் சதவீதத்தைக் கழித்து வரும் தொகையை உச்சவரம்பாக வையுங்கள். அதிலிருந்து டயர், பேட்டரி, முடியப்போகும் இன்சூரன்ஸ், எஃப்.சி. வேலை எல்லாவற்றையும் கழியுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பின் வருடா வருடம். ஏழரை வருட வண்டியை வாங்குகிறவர் இதைக் கழிக்காமல் விடக்கூடாது. பி.எஸ்.6 டீசல் என்றால், சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் டி.பி.எஃப்., நாக்ஸ் சென்சார் விலையை எழுதி வாங்கிக்கொண்டு பேரத்துக்குப் போங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் விற்பவரின் குரல் மாறும்.

புது வண்டி எடுக்கிறவரும் மாதத்தைக் கேட்க வேண்டும். ஜனவரியில் டெலிவரி ஆகும் வண்டி முந்தின செப்டம்பரில் தயாராகி யார்டில் வெயிலில் நின்றதாக இருக்கலாம். விற்கும்போது அது ஒரு வருடம் பழைய மாடலாகவே எண்ணப்படும். தள்ளுபடி கொடுத்தால் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் தள்ளுபடி அந்த ஒரு வருட இறக்கத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், இலவசத் தார்ப்பாயும் ஸ்டீரியோவும் ஈடாகாது. முழுப் பணம் கட்டுவதற்கு முன் சேஸிஸ் நம்பரை எழுதி வாங்கி, யார்டுக்கே போய் வண்டியில் ஒத்துப் பாருங்கள். டீலர் தரும் ஃபாரம் 21-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். பதிவுக்கு அனுப்பும் முன்பே அதில் ஒரு நகல் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள தொழில் என்றால் பில்லை உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணிலேயே போடச் சொல்லுங்கள். சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் அந்த வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கோர முடியாது என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.