காஸ்மோஸ் பூக்கவில்லையா? முதலில் உரத்தை நிறுத்துங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. கைபேசியில் வந்த படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தோள் உயரத்துக்கு வளர்ந்த காஸ்மோஸ், கரும்பச்சை இலை, விரல் தடிமனில் தண்டு. பாதிச் செடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லை. "விதை போட்டு மூன்று மாதம் ஆச்சு சார். வாரம் தவறாமல் மண்புழு உரம் போடுறேன். இன்னும் என்ன போடலாம்?"

எதுவும் போட வேண்டாம் அம்மா. போட்டதுதான் கோளாறு.

தோட்டக்கலை ஆலோசனை சொல்லும் வேலையில் நான் ஓயாமல் மறுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நம்பிக்கையைத்தான்: பூக்காத செடிக்குச் சத்து போதவில்லை என்பது. ரோஜாவுக்கு அது பொருந்தலாம். காஸ்மோஸுக்குப் பொருந்தாது. மெக்சிகோவில் சாலையோரத்திலும் தரிசிலும் தானாக முளைத்துப் பூக்கிற செடி இது. மெலிந்த மண் அதற்குப் பழகிய மண். தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் செடி இலையையும் தண்டையும்தான் பெருக்கிக்கொண்டே போகும், பூவைத் தள்ளிப்போடும். வேகமாக வளர்ந்த தண்டில் உறுதி இருக்காது, ஒரு காற்று மழைக்கே படுத்துவிடும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "நான் யூரியா போடலையே, இயற்கை உரம்தானே போடுறேன்!" தொழுஉரத்தில் இருந்து வந்தாலும் மூட்டையில் இருந்து வந்தாலும் வேருக்குள் போகும் தழைச்சத்து ஒன்றுதான். இயற்கை உரம் அதை மெதுவாக விடுகிறது, அவ்வளவே. வாராவாரம் போட்டால் அந்த மெதுவும் சேர்ந்து மிகையாகிவிடும். அடுத்து, "பூ பிடிக்க டானிக் அடிக்கலாமா?" என்பார்கள். மண்ணில் ஏறிய தழைச்சத்தை எந்த டானிக்கும் இறக்காது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் செடியைப் பிடுங்க வேண்டாம். உரத்தை நிறுத்துங்கள். தொட்டியாக இருந்தால் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு அடியில் நன்றாக வடியவிடுங்கள். சாய்ந்த தண்டுக்குக் குச்சி ஊன்றுங்கள். பிறகு காத்திருங்கள். கூடவே, உரம் காணாத வேறொரு மூலையில் நாலு விதை தூவிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தச் செடிதான் முந்திக்கொண்டு பூக்கும்.

உரம் போடாமலேயே பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: காஸ்மோஸ் குறும்பகல் செடி. இரவு நீளும்போது சீக்கிரம் மொட்டு வைக்கும். விடிய விடிய எரியும் விளக்கின் அடியில் வைத்தால் அந்த இருட்டுக் கணக்கு குழம்பும். செடியைத் தள்ளி வையுங்கள்.

விதைப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஊசிபோல் நீண்டு லேசாக வளைந்த விதை, அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஊறவைக்க வேண்டாம். மண் ஈரமாக இருக்கட்டும், சேறாகக் கூடாது. வெதுவெதுப்பான மண்ணில் 7 முதல் 10 நாளில் முளைக்கும். முடிந்தவரை நிற்கப்போகும் இடத்திலேயே விதையுங்கள். நாற்றுத் தட்டில் விதைத்தால் வேர் சுருண்டுகொள்வதற்கு முன்பே, சின்ன நாற்றாக எடுத்து நட்டுவிடுங்கள்.

பயிர் கலைப்பதில்தான், அதாவது நெருக்கமாக முளைத்ததில் சிலதைப் பிடுங்கி இடைவெளி விடுவதில்தான், எல்லோருக்கும் மனசு வருவதில்லை. முளைத்ததை எப்படிப் பிடுங்குவது என்று அத்தனையையும் விட்டுவைக்கிறார்கள். ஒன்றையொன்று நெருக்கி, வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து, எல்லாம் நோஞ்சானாக நிற்கும். செடிக்குச் செடி ஓர் அடியாவது இருக்கட்டும், உயர ரகத்துக்கு ஒன்றரை அடி. ஓர் அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஒரு வாரம் பூ தள்ளிப்போகும், ஆனால் பக்கக் கிளைகள் வந்து செடி தன் காலில் நிற்கும்.

மெல்லிய நூல்போன்ற இலையோடு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்பது ஒரு இனம். சற்று அகன்ற இலையோடு மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூப்பது இன்னொன்று. இரண்டுக்கும் 1791இல் காவனிலெஸ் என்ற ஸ்பானியத் தாவரவியலாளர்தான் பெயரிட்டார். வெக்கையில் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பது ஆரஞ்சு ரகம். சூட்டை நன்றாகத் தாங்கும், சீக்கிரமும் பூக்கும்.

இளந்தண்டில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும், மருந்தோடு ஓட வேண்டாம். வாடிய பூவைக் காம்போடு வெட்டிவிட்டால் மொட்டு தொடர்ந்து வரும். கடைசியாக வரும் சில பூக்களை மட்டும் செடியிலேயே காயவிடுங்கள். விதைகள் பழுப்பேறி நட்சத்திரம்போல் விரிந்ததும் எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கலப்பின விதையிலிருந்து வந்த செடி என்றால் அடுத்த தலைமுறையில் நிறமும் உயரமும் மாறலாம். அப்போது "உரம் போதலையோ" என்று மட்டும் எனக்குப் படம் அனுப்பாதீர்கள்.