ராணுவ செவிலியராக விரும்பும் வடசென்னைப் பெண்களுக்கு

"மேடம், மருத்துவமனை வேலையையும் பார்த்துக்கொண்டு ராணுவத்திலும் பகுதிநேரமாக நர்ஸாக இருக்கலாமாமே?" பி.எஸ்ஸி. நர்சிங் இறுதியாண்டு மாணவிகள் சிலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அந்த ஏற்பாடு உண்டு. அங்கே நர்சிங் பட்டமும் உரிமமும் பெற்றவர் ரிசர்வ் படையில் அதிகாரியாகச் சேரலாம். மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சி, மற்ற நாட்களில் வழக்கமான வேலை. தேவை வந்தால் படை அழைத்துக்கொள்ளும்.

இங்கே அந்த வழி இல்லை. 1949 அக்டோபரில் ராஜாஜி தொடங்கிவைத்த பிராந்திய ராணுவம் பகுதிநேரப் படைதான், ஆனால் அதன் அதிகாரித் தேர்வில் வெல்பவர் செவிலியராகப் போவதில்லை. நம் பட்டதாரிப் பெண்களுக்கு உள்ளது ராணுவ நர்சிங் சேவையின் குறுகிய காலப் பணி. அது முழுநேர வேலை. லெப்டினன்ட் பதவியில் தொடங்கி, நீட்டிப்புகளோடு 14 ஆண்டுகள் வரை பணியாற்றலாம். 1888இல் பம்பாயில் வந்திறங்கிய பத்துப் பிரிட்டிஷ் செவிலியரோடு தொடங்கிய சேவை இது. 1914 முதல் இந்தியப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆண் செவிலியர்களுக்கு இதில் இடமில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதிவிட்டுத் தொகுப்பூதிய வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் இதை ஏன் யோசிக்கக் கூடாது என்று பல முறை கேட்டிருக்கிறேன். அதிகாரிக்குரிய சம்பளம், அதற்கு மேல் ராணுவச் சேவை ஊதியம் மாதம் 10,800 ரூபாய், தங்குமிடம், மருத்துவ வசதி எல்லாம் உண்டு. நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றுவார்கள் என்பதையும், 14 ஆண்டுகளில் விலகினால் பணிக்கொடை மட்டுமே, மாத ஓய்வூதியம் கிடையாது என்பதையும் வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு தெரிந்தால் குடும்பத்தில் மனக்கசப்பு வரும்.

கல்யாணம் பற்றித்தான் அம்மாக்கள் எல்லோரும் கேட்கிறார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் முடித்துவிட்டு ஈரச் சேலையோடு கல்லூரிக்கு வந்த ஒரு தாய், "வேலைக்குப் போனால் கல்யாணம் பண்ண விட மாட்டார்களாமே" என்று கேட்டார். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1988இல் செலினா ஜான் என்ற ராணுவ செவிலியரை, அவர் திருமணம் செய்துகொண்டார் என்பதற்காகவே பணியிலிருந்து நீக்கினார்கள். அந்த விதியை 1995இல் விலக்கிக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடு என்று கண்டித்து, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. குறுகிய காலப் பணிக்கு இப்போது திருமணமான பெண்களும் விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்ன பிறகுதான் அந்தத் தாய் உட்கார்ந்தார்.

திறமை இல்லாமல் நம் பிள்ளைகள் இதில் தோற்பதில்லை; காகிதத்தில்தான் தோற்கிறார்கள். அறிவிப்பு ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை. 2023இல் டிசம்பர் 11 முதல் 26 வரைதான் விண்ணப்பிக்க முடிந்தது. ஜனவரி 14 அன்று கணினிவழித் தேர்வே முடிந்துவிட்டது. வயது 21 முதல் 35 வரை. மாநில நர்சிங் கவுன்சிலில் செவிலியர், மருத்துவச்சி என்ற இரண்டு பதிவும் கையில் இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் "மெதுவாகப் பதியலாம்" என்று தள்ளிப்போடுகிறவருக்கு அந்த இரண்டு வாரம் போதாது.

பெயர் இன்னொரு சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுமையாகப் பின்னால், பட்டச் சான்றிதழில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். மூன்று தாள்களையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தால் மூன்று பெண்களைப் போலத் தெரியும். திருத்தப் பல வாரங்கள் ஆகும். அந்த வேலையை மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

உடல் தகுதியில் நான் கவலைப்படுவது இரத்த சோகை பற்றி. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து ஏழு மணி வார்டு டியூட்டிக்கு வருகிறவர்கள் காலை உணவைத் தவிர்க்கிறார்கள். கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தாலே வெளிறியிருக்கிறது. ஹீமோகுளோபினை இரண்டு வாரத்தில் ஏற்றிவிட முடியாது. பரிசோதித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் நர்சிங் பாடத்தோடு ஆங்கிலமும் பொது அறிவுத்திறனும் உண்டு. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் என்றதும் பின்வாங்குகிறார்கள். ஷிஃப்ட் முடியும்போது நோயாளியின் நிலையை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதிப் பழகச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் கை பழகிவிடுகிறது. வார்டில் சிப்பாய்கள் பெரும்பாலும் இந்தியில் பேசுவார்கள், "வலி எங்கே" என்று கேட்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள்.

ராணுவ மருத்துவமனையில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வியாசர்பாடிப் பக்கம் பணம் கேட்டு அலைபவர்களை நம்பாதீர்கள். ஆள்சேர்ப்பு அரசின் அறிவிப்பு வழியாக மட்டுமே நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை இருந்தால் அவளிடமும் சொல்லுங்கள்: நீட் மதிப்பெண்ணை வைத்து புனே, பெங்களூரு உள்ளிட்ட படை மருத்துவமனைகளின் நர்சிங் கல்லூரிகளில் நான்காண்டுப் படிப்பில் சேரலாம். அங்கே மணவாழ்க்கையில் இருப்பவர்களை எடுக்க மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் ராணுவ நர்சிங் சேவையில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு.